நச்சுச் செடிகளும் முன்னோர் அறிவும்

‘நஞ்சை’ என்னுஞ் சொல்லைக் கரும்பலகையில் எழுதிப் பொருள் யாதென வினவினேன். வகுப்பிற் பாதிப்பேர் நெல் விளையும் நிலம் என்றனர். மற்றையோர் விடத்தை என்றனர். இரு விடையும் பொருந்துமாயினும், விளைநிலத்துக்கும் விடத்துக்கும் உள்ள உறவு இவ்வொலியொற்றுமையோடு முடிவதன்று. மீன் பிடிக்கவும் பயிர் காக்கவும் நச்சுச் செடிகளைக் கையாண்டவர் நம் முன்னோர்.

கோடையில் ஆறுகள் ஒடுங்கி, நீர் மடுக்களிலே தேங்கி நிற்கும். அக்காலத்தில் மருக்காரங்காய் முதலியவற்றை இடித்து மடுவிற் கரைப்பர். சிறிது நேரத்தில் மீன்கள் மயங்கி மேலே மிதக்கும்; கூடையால் அள்ளிக் கொள்வர். ஓடுநீரில் நஞ்சு கலைந்துபோகுமாதலின் தேங்கிய நீரையே நாடினர். மருக்காரையிலுள்ள சப்போனின் என்னும் பொருள் நீரிற் சவர்க்காரம்போல் நுரைக்கும். மீனின் பூவைத் தாக்கி மூச்சைத் தடுக்கும். மலாயாவிலே தூபா எனப்படும் கொடியின் வேர் வேறு வகையினது. அதிலுள்ள நஞ்சுக்கு 1902ஆம் ஆண்டில் நாகாய் என்னும் யப்பானிய அறிஞர் ரொட்டெனோன் எனப் பெயரிட்டார். உயிரணுக்கள் ஒட்சிசனைப் பயன்படுத்த விடாது தடுப்பது அது. பூவின் வழியே மீனின் குருதியில் நேரே கலக்கும். உண்பவர் குடலிலோ சிறிதளவே உறிஞ்சப்படும். ஆகையால் அம்மீனை மக்கள் உண்டு வந்தனர். ஆயினும் ரொட்டெனோனை எலிகளுக்குத் தொடர்ந்து செலுத்தியபோது நடுக்குவாதம் போன்ற நோய் தோன்றியமை 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்றால் தெரியவந்தது.

எல்லா நஞ்சும் இவ்வாறு மீனளவில் நில்லா. காக்கைக்கொல்லி விதையிலுள்ள பிக்ரொட்டொட்சின் நரம்புகளைத் தாக்கி வலிப்பை உண்டாக்கும். இவ்விதை மேனாட்டிற்கு ஏற்றுமதியாகி, ஆங்கில நாட்டில் பியர் மதுவிற்கு வெறியூட்டக் களவாகக் கலக்கப்பட்டதென்பது வியப்பான செய்தி! நம் நாட்டு மக்குளுக் காயால் மயங்கிய மீனை உண்டவருக்குத் தலைசுற்றல் உண்டாகும். எக்காய் மீனோடு நிற்கும், எக்காய் மனிதனையும் தொடரும் என்பதை அறிந்திருந்ததே அப்பழைய கல்வியின் சாரம். அதனை எழுதி வைத்தார் சிலரே. அறிந்த முதியோர் அருகி வருகின்றனர்.

இம்முறையின் தீங்கையும் மறைத்தலாகாது. என் சிறுவயதில் எம்மூர்க் குளமொன்றில் இளைஞர் சிலர் நஞ்சு கரைத்தனர். பெரிய மீன்களை அவர்கள் கொண்டுபோயினர். குஞ்சுகள் கரையெங்கும் வெள்ளையாய் ஒதுங்கிக் கிடந்தன. அடுத்த ஆண்டு தூண்டிலிட்டவர் வெறுங்கையோடு திரும்பினர். 1996ஆம் ஆண்டின் கடற்றொழில் நீர்வாழ் வளங்கள் சட்டம் இலங்கை நீர்நிலைகளில் நஞ்சிட்டு மீன் பிடித்தலைத் தடுக்கின்றது. அது தக்கதே.

பயிர்காப்பில் முதலிடம் வேம்பினதே. பயற்றுப் பானையிலும் உழுந்துப் பானையிலும் என் பாட்டி காய்ந்த வேப்பிலை இடாத நாளில்லை. 1959இல் சூடான் நாட்டில் வெட்டுக்கிளிகள் பசுமையனைத்தையும் தின்றும் வேம்பைத் தொடாதிருந்தமையைச் செருமானிய அறிஞர் சிமுட்டரர் கண்டார். 1968இல் அதன் விதையினின்றும் அசாடிராக்டின் பிரித்தெடுக்கப்பட்டது. அது பூச்சியை உடனே கொல்வதினும், தின்னவும் தோலுரித்து வளரவும் விடாது தடுப்பதே மிகுதி. வேப்பெண்ணெய்ப் பூஞ்சணக்கொல்லி ஒன்றுக்கு ஐரோப்பாவில் வழங்கப்பட்ட காப்புரிமை, இது இந்தியாவில் முன்பே வழங்கிய அறிவென்ற வாதத்தால் 2000இல் நீக்கப்பட்டது. 2005இல் மேன்முறையீடுந் தள்ளுபடியாயிற்று. புகையிலைக் கஷாயமும் பூச்சியைக் கொல்லுமாயினும், நிக்கொற்றின் தோல் வழியே உடலிற் புகுமாதலின் அதனை நான் மாணாக்கர் கையிற் கொடேன்.

வேப்பம் பருப்பு ஐம்பது கிராமை இடித்து, ஒரு லீற்றர் நீரில் ஓரிரவு ஊறவைத்து வடிகட்டி, சிறிது சவர்க்காரம் சேர்த்து மாலையில் தெளிக்க வேண்டும். வெயிலில் அதன் வீரியம் குன்றும். எம் மாணாக்கர் கத்தரிச் செடிகளுக்கு இதனையே தெளிக்கின்றனர். இலை தின்னும் புழுக்கள் குறைந்தன. தண்டினுட் புகுந்த புழுவை இது எட்டாது. வாடிய நுனியைக் கிள்ளி எரித்தலே அதற்கு வழி.