படிக்கத் தெரியாத அச்சகம்

கோவில்பட்டியில் சித்திரை வெயில் ஏறும்போது அத்தை வீட்டு அடுப்படி மூலையில் ஒரு மண்பானை ஈரம் காயாமல் உட்கார்ந்திருக்கும். பானைக்குள் மணல், மணலுக்குள் சின்னக் கலயம், கலயத்துக்குள் மூடி போட்ட டப்பா, டப்பாவுக்குள் இன்சுலின் பாட்டில். காலையும் மாலையும் மணலில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றுவார். பானையில் கசியும் நீர் ஆவியாகும்போது சூட்டையும் கொண்டுபோய்விடும். காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவு குளிர்ச்சி. கரிசல் காட்டில் வறட்சிக்கா பஞ்சம்? கரண்ட் போய்ப் போய் வந்த காலத்துப் பழக்கம் இது. ஃபிரிட்ஜ் வந்த பிறகும் அத்தை விடவில்லை.

ஒரு நாள் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “இதை எதுலேர்ந்துய்யா எடுக்காக?”

10 மில்லி பாட்டிலில் 400 யூனிட். அதில் உள்ள இன்சுலினை மட்டும் நிறுத்தால் சுமார் 14 மில்லிகிராம், நாலைந்து கடுகின் எடை. ஒரு காலத்தில் மாடு, பன்றிகளின் கணையத்திலிருந்துதான் எடுத்தார்கள். ஒரு கிலோவுக்குச் சுமார் 8,000 கிலோ கணையம் வேண்டும். 1922 ஜனவரியில் டொரண்டோவில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாகப் போட்டதும் மாட்டுக் கணையச் சாறுதான். மனித இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள். பன்றியுடையது அதில் ஒன்றே ஒன்றில்தான் வேறுபடும், மாட்டுடையது மூன்றில்.

இன்சுலின் என்பது ஒரு சேதி. கணையம் எழுதி ரத்தத்தில் அனுப்புவது. தசை, கொழுப்புச் செல்களின் மேற்பரப்பில் அதற்கென்றே ஏற்பிகள் உண்டு. இன்சுலின் வந்து பொருந்தியதும் ஏற்பியின் உள்முனை விழித்துக்கொள்ளும். தகவல் கைமாறிக் கைமாறி உள்ளே போகும். சும்மா கிடந்த சர்க்கரை வாசல்கள் செல்லின் விளிம்புக்கு வந்து சேரும். இதற்கு இன்சுலின் உள்ளே நுழையவே வேண்டியதில்லை. தெருவில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடும் தபால்காரர் மாதிரி.

இந்தச் சேதியை வேறு யாரையாவது வைத்து எழுத வைக்க முடியுமா? நமக்குப் பக்கத்துச் சிவகாசியைப் பார்த்தால் போதும். இந்தியிலும் வங்காளத்திலும் காலண்டர் அச்சாகி வந்து விழும். மிஷின் ஓட்டுகிறவருக்குத் தமிழ் தவிர வேறு தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிளேட் சரியாக இருந்தால் எழுத்து பிசகாது. உயிர்களுக்கும் மரபெழுத்து கிட்டத்தட்ட ஒன்றேதான். மனிதனின் வரியை பாக்டீரியாவுக்குள் வைத்தால் அதுவும் அப்படியே அச்சடிக்கும்.

1978-இல் கலிபோர்னியாவில் கெய்ச்சி இட்டாகுரா, ஆர்தர் ரிக்ஸ், டேவிட் கோடெல் ஆகியோரின் குழு செய்தது இதைத்தான். இன்சுலினின் இரண்டு சங்கிலிகளுக்கும் மரபணுவை ரசாயனமாகவே கோத்து, தனித்தனியாக ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்தார்கள். ஒரு சிக்கல். சின்னதாக ஓர் அந்நியப் புரதம் தென்பட்டால் பாக்டீரியா அதைக் குப்பை என்று கடித்துத் தின்றுவிடும். ஆகவே அதன் சொந்தப் பெரிய புரதம் ஒன்றின் வாலில் சங்கிலியைக் கட்டிவிட்டார்கள். சரி, பிறகு எப்படிப் பிரிப்பது? கட்டும் இடத்தில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தை முடிச்சாகப் போட்டிருந்தார்கள். சயனோஜன் புரோமைடு மெத்தியோனினைக் கண்ட இடத்தில் வெட்டும். பெரிய புரதம் துண்டு துண்டாகிவிடும். இன்சுலினில் மெத்தியோனினே கிடையாது, அதனால் அது முழுசாகத் தப்பிக்கும்! எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத இடம் இது. அப்புறம் இரண்டு சங்கிலிகளையும் கந்தகப் பிணைப்பால் சேர்த்தால் மனித இன்சுலின்.

1982-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2004-இல் பெங்களூரு பயோகான், பிக்கியா என்ற ஈஸ்ட்டை வைத்துத் தயாரித்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. பாக்டீரியாவின் மரபணு பருத்திக்குள் போன கதை 2002 முதல் நம் கரிசல் சம்சாரிகளுக்குத் தெரியும். பிடி பருத்தி. இது அதற்கு எதிர்த்திசை.

இதே இன்சுலின் ஆய்வுக்கூடத்துக்கும் போகிறது. தட்டில் வளர்க்கும் செல்களுக்கும் வளர், பிரி என்று யாராவது சொல்ல வேண்டும். அதற்குக் கன்றுக்கருவின் ரத்தநீரை ஊற்றுவது வழக்கம். அதில் நூற்றுக்கணக்கான சேதிகள் கலந்திருக்கும். எந்தச் சேதிக்குச் செல் திரும்பிப் பார்த்தது என்று பிரித்தறிவது பெரும்பாடு. இப்படிச் செய்த சுத்தமான புரதம் கையில் இருந்தால் ஒரே குரலை மட்டும் கேட்கவிடலாம். 53 அமினோ அமிலங்கள் கொண்ட மேல்தோல் வளர்ச்சிக் காரணியும் இந்த வழியில் வருவதுதான்.

இவ்வளவையும் அத்தையிடம் சுருக்கித்தான் சொன்னேன். அச்சடிக்கிற பாக்டீரியாவுக்கும் ஈஸ்ட்டுக்கும் இன்சுலினைப் படிக்கும் ஏற்பி கிடையாது, எழுதியது என்னவென்றே அவற்றுக்குத் தெரியாது என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

“அப்போ அந்தப் பூச்சிக்கு சுகர் வராதோ?”

“வராது அத்தை.”

“குடுத்து வச்ச பூச்சி” என்றபடி பாட்டிலைக் கலயத்துக்குள் வைத்து, செம்பை எடுத்தார்.