புழைக்கடைத் தோட்டம்

இல்லத்திற்கு முன்புறம், பின்புறம் என இரு பக்கங்கள் உள. முன்புறத்தை நாம் நாள்தோறும் பெருக்கி, நீர் தெளித்து, கோலமிட்டு அழகு செய்கின்றோம். புழைக்கடை எனப்படும் பின்புறமோ, பாத்திரங் கழுவிய நீர் தேங்கும் இடமாகவும், காய்கறித் தோலும் சருகும் குவியும் இடமாகவும் கிடக்கின்றது. விருந்தினர் கண்ணிற் படாத இடமாதலின், அதன்பால் நம் கருத்தும் செல்வதில்லை. ஆயின், அங்கே வீணாகும் நீரும் குப்பையுமே செடிகொடிகள் நம்மிடம் வேண்டி நிற்பனவாம். கழிவென்று நாம் எறிவதை உணவாக மாற்றித் தரவல்லது கொல்லைத் தோட்டம். அதனைப் பெரும்பொருட் செலவின்றி நம் கைகளாலேயே அமைக்குமாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இத்தொழிலைப் பொழுதுபோக்கு எனக் கொள்வார் சிலர். அது முற்றும் பொருந்தாது. நீலகிரியிலுள்ள குன்னூரில் 1918-ஆம் ஆண்டு உணவாராய்ச்சியைத் தொடங்கிய ராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர், நம் நாட்டின் பல பகுதி உணவுகளையும் எலிகளுக்கு ஊட்டி ஒப்பிட்டு நோக்கினார். கோதுமை, பால், பயறு, காய்கறி ஆகியவை அமைந்த சீக்கியர் உணவை உண்டவை நன்கு வளர்ந்தன. அரிசியே மிகுந்து பிற குறைந்த சென்னை மாகாணத்து உணவை உண்டவை நலிந்து நின்றன. சோறு வயிற்றை நிரப்பும். ஆனால் உடல் வேண்டுவன அனைத்தையும் தாராது என்பது இதனாற் புலனாகின்றது. ஏ உயிர்ச்சத்துக் குறைவால் மாலைக்கண்ணும், அது முற்றியவழிக் குருடும் குழந்தைகளுக்கு நேர்தல் கண்டு, அதனைத் தடுக்க இந்திய அரசாங்கம் 1970-ஆம் ஆண்டில் அச்சத்து மருந்தை ஊட்டும் திட்டமொன்றைத் தொடங்கிற்று. அச்சத்தாக நம் உடல் மாற்றிக்கொள்ளும் பொருள் முருங்கைக்கீரையிலும் பிற பசுங்கீரைகளிலும் நிரம்ப உண்டு. சிறிது எண்ணெய் சேர்த்துச் சமைப்பின் உடல் அதனை எளிதில் ஏற்கும். எனவே, கொல்லையில் ஒரு கீரைப்பாத்தி இருத்தல் குழந்தையின் கண்ணுக்குக் காவலாம்.

தோட்டத்திற்கு முதற்கண் வேண்டுவது எரு. இந்தூரில் 1924 முதல் 1931 வரை ஆராய்ச்சி நடாத்திய ஆல்பர்ட் ஹோவர்டு என்பார், சருகு, சாணம், மண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கி நல்லுரமாக்கும் முறையொன்றை வகுத்தார். அதனை நம் வீட்டளவிற் கொள்ளலாம். கிணற்றிற்கு எட்ட, நிழலுள்ள ஓரிடத்தில், மூன்றடி நீளமும் மூன்றடி அகலமும் இரண்டடி ஆழமும் உள்ள குழியொன்றை வெட்டுக. அடியில் சருகை அரையடி பரப்பி, அதன்மேல் அடுக்களைக் குப்பையை இட்டு, சாணக் கரைசல் தெளித்து, மெல்லிய படலமாக மண்ணும் சிறிது சாம்பலும் தூவுக. குழி நிரம்புமளவும் இவ்வாறே அடுக்கி வருக. பிழிந்த துணியிலுள்ள ஈரம் போன்ற ஈரமே அதற்குப் போதுமானது. நீர் மிகின் அழுகி நாறும். இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை கிளறிவிடின் காற்றுப் புகும். ஏறத்தாழ மூன்று திங்களிற் குப்பை கறுத்து உதிர்ந்து, மழை பெய்த மண்ணின் மணம் வீசும், அதுவே கூட்டெரு. இறைச்சி, எலும்பு, நெகிழித்தாள், கண்ணாடி, நோயுற்ற செடி ஆகியவற்றை இதன்கண் இடலாகாது. குழிகள் இரண்டாயின், ஒன்று பக்குவமாகும்போது மற்றொன்றை நிரப்பலாம்.

அடுத்தது நீர். தேங்கிய நீரிற் கொசு முட்டையிட்டு, ஒரு வாரம் பத்து நாளிற் பறக்கத் தொடங்கிவிடும். ஆதலின், குளித்த நீரையும் பாத்திரங் கழுவிய நீரையும் சிறு வாய்க்கால் வழியே ஓட்டி, வாழை, சேம்பு, கல்வாழை ஆகியவற்றின் அடியிற் பாயவிடுக. அவை மிகுந்த நீரை உண்பன. சவர்க்காரத் தூள் கரைந்த நீரை நாள்தோறும் ஓரிடத்தே விடின் மண்ணில் உப்பு ஏறும். ஆகவே இடத்தை மாற்றி மாற்றி விடுதல் நலம். கீரைக்கும் பச்சையாக உண்பனவற்றிற்கும் நல்ல நீரே வார்க்க வேண்டும். நீர் அரிதாகிய ஊர்களில், பூசப்படாத மண்குடத்தைச் செடியின் அருகே கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி மூடிவிடுவர். குடம் கசியக் கசிய வேர் பருகும். வெயிலிற் சிறிதும் வீணாகாது.

இனி, எவற்றைப் பயிரிடலாம் என்பதைக் காண்போம். தொடக்கத்தில் முளைக்கீரையே ஏற்றது. கை எட்டும் அகலத்திற்குப் பாத்தி கட்டி, எருவிட்டுக் கொத்தி, விதையைப் போல் நான்கு பங்கு மணலோடு கலந்து பரவலாகத் தூவுக. மேலே மெல்ல மண் மூடி, பூவாளியால் நீர் தெளிக்க வேண்டும். எறும்பு விதையைக் கொண்டு செல்லாவண்ணம் சுற்றிலும் சாம்பல் இடுவர். ஏறக்குறைய இருபத்தைந்து நாளிற் கீரை பறிக்கலாம். பத்து நாளுக்கொரு பாத்தியாக விதைத்துவரின் வீட்டிற் கீரைக்குக் குறைவிராது.

வாழைக்கு, அகன்ற இலைக் கன்றை விடுத்து, குறுகி ஈட்டி போன்ற இலையுடைய கன்றைத் தெரிந்தெடுக்க வேண்டும். அதன் கிழங்கு வலியது. முருங்கையைப் போத்து நட்டும் விதையிட்டும் வளர்க்கலாம். அதன் கிளை எளிதில் முறியுமாதலாலும், மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி மொய்க்குமாதலாலும் வீட்டுக் கூரைக்குச் சற்று விலகி நடுக. அவரை, பாகல், புடல் ஆகியவற்றைப் பந்தலில் ஏற்றி, புடலங்காயின் நுனியிற் சிறு கல் கட்டினால் காய் வளையாது நேராக நீளும்.

பூச்சி தோன்றின் நஞ்சைத் தேடி ஓட வேண்டுவதில்லை. வேப்பம் பருப்பு ஐம்பது கிராம் இடித்து, ஒரு லிட்டர் நீரில் ஓரிரவு ஊறவைத்து வடிகட்டி, சிறிது சவர்க்காரம் கரைத்து மாலையில் தெளிக்க. பூச்சிகள் அக்கசப்பை வெறுத்து இலையை உண்ணா.

கொல்லையே இல்லாதார் என் செய்வது எனின், மாடியும் தாழ்வாரமும் உளவன்றோ? உடைந்த பானை, பழைய வாளி, சாக்கு எதுவாயினும் அடியில் துளையிட்டு, மண், மணல், கூட்டெரு ஆகியவற்றைச் சம பங்காகக் கலந்து நிரப்பினால், கீரையும் கத்தரியும் மிளகாயும் வளரும். துளையில்லாத தொட்டியில் நீர் தங்கி வேர் அழுகும் என்பதை மட்டும் மறவாதிருக்க.

கற்றவர்க்குக் கொத்தும் மண்வெட்டியும் ஏன் என்பாரும் உளர். சீரம்பூரில் இறைப்பணி ஆற்றி, திருமறையைப் பல மொழிகளில் பெயர்த்த வில்லியம் கேரியாரே, 1820-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் வேளாண்மைக்கும் தோட்டக்கலைக்கும் ஒரு சங்கம் நிறுவினார். அவரினும் மிக்க கல்வி நமக்கு வந்துவிடவில்லை.

கோடை விடுமுறை வருகின்றது. சித்திரையில் வீடு சென்றதும் குழி வெட்டத் தொடங்கின், எரு ஆடிக்குப் பக்குவமாகும். ஆடிப் பட்டமோ நம் முன்னோர் தேடி விதைத்த பட்டம். அப்போது கல்லூரி திறந்து நாம் இங்கிருப்போம் எனினும், தம்பி தங்கையர் நீர் வார்ப்பர். அன்னையார் கீரை பறிப்பர். அடுத்த விடுமுறைக்கு நாம் செல்லுங்கால், புழைக்கடைக் கதவைத் திறந்து விருந்தினரையும் அங்கு அழைத்துச் செல்லலாம்.