மணலுள் மறையும் நுணல்: தரங்கம்பாடித் தவளையின் வகைப்பாடும் தமிழ்ச் சான்றுகளும்

முன்னுரை

கடலூர் மாவட்டத்தில் பண்ணுருட்டியை அடுத்துள்ள காடாம்புலியூர்ப் பகுதி முந்திரிக்கும் பலாவுக்கும் பெயர்பெற்ற செம்மண் நிலமாகும். இங்கிருந்து தென்கிழக்கே சிதம்பரத்தைக் கடந்து கொள்ளிடத்தைத் தாண்டினால், செம்மண் மறைந்து வண்டலும் கடற்கரை மணலும் தொடங்குகின்றன. மண் மாறினாலும் இந்நிலப்பரப்பு முழுவதற்கும் பொதுவான ஓர் இயல்பு உண்டு. ஆண்டு மழையின் பெரும்பகுதியை வடகிழக்குப் பருவக்காற்றே தருகிறது. எஞ்சிய மாதங்களில் மேல்மண் உலர்ந்து கிடக்கிறது. நீரின்றி வாழ இயலாதது எனப் பொதுவாகக் கருதப்படும் தவளை இனத்துள் சில, இத்தகைய நிலத்திலும் மண்ணுக்குள் புதைந்து கோடையைக் கடக்கின்றன. அவற்றுள் ஒன்று ஸ்பேரோதீகா பிரெவிசெப்ஸ் என இன்று அழைக்கப்படும் வளைத்தவளை ஆகும். அறிவியலுலகில் 1799ஆம் ஆண்டிலேயே பெயர் பெற்றுவிட்ட இத்தவளை, தான் பிறந்த தமிழ் மண்ணில் பெரிதும் அறியப்படாமலே உள்ளது. அதன் வகைப்பாடு கடந்துவந்த பாதையையும், தமிழ் இலக்கியம் ‘நுணல்’ எனச் சுட்டும் உயிரியோடு அதற்குள்ள தொடர்பையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

தரங்கம்பாடியிலிருந்து பெர்லினுக்கு

தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்களின் குடியேற்றமாக இருந்தது. அங்கு சமயப்பணி புரிந்தோர் தமிழ் அச்சுக்கும் அகராதிக்கும் ஆற்றிய பங்கு தமிழாய்வாளர் நன்கறிந்ததே. அவர்களுள் சிலர் இயற்கைப் பொருள்களைத் திரட்டி ஐரோப்பாவுக்கு அனுப்பியதோ அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1771இல் தரங்கம்பாடிக்கு வந்து 1813இல் மறைந்த கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் இவ்வகையில் முதன்மையானவர். பெர்லினில் மருத்துவராகவும் மீனியல் அறிஞராகவும் விளங்கிய மார்க்கஸ் எலீசர் பிளாக்குக்கு அவர் மீன்களையும் பிற உயிரிகளையும் பதப்படுத்தி அனுப்பினார். அந்நன்றிக்கு அடையாளமாகப் பிளாக் ஒரு மீன் பேரினத்துக்கு ‘ஜானியஸ்’ எனப் பெயரிட்டார். நம் ஊர்களில் இருதலை மணியன் எனப்படும் பாம்பின் அறிவியற்பெயரில் இருப்பதும் இதே ஜானின் பெயர்தான்.

பிளாக்கின் சேகரிப்பிலிருந்த தவளைகளை ஆராய்ந்து பெயரிட்டவர் ஜோகான் காட்லாப் ஷ்னைடர். இவர் அடிப்படையில் ஒரு கிரேக்க மொழியறிஞர். கிரேக்க அகராதி தொகுத்தவர். அரிஸ்டாட்டிலின் விலங்கு வரலாற்றைப் பின்னாளில் (1811) பதிப்பித்தவர். மொழி நூலாரும் உயிர் நூலாரும் வேறு வேறு துறையினராகப் பிரியாத காலம் அது. ஷ்னைடர் 1799இல் வெளியிட்ட நீர்நில வாழ்விகளின் வரலாற்று நூலில் இந்தியத் தவளைகள் பல முதன்முதலாக அறிவியற்பெயர் பெற்றன. நம் குளங்களில் நீர்மேல் தத்திச் செல்லும் தவளையும், வீட்டு முற்றத்துச் சொறித்தவளையும், மண்ணில் புதையும் இரண்டு தவளைகளும் அவற்றுள் அடங்கும். புதையும் தவளைகளுள் ஒன்றுக்கு அவர் ‘ரானா பிரெவிசெப்ஸ்’ என்றும், மற்றதற்கு ‘ரானா சிஸ்டோமா’ என்றும் பெயரிட்டார். முன்னது ‘குறுந்தலை’ என்று பொருள்படும் இலத்தீன். பின்னது ‘ஒடுங்கிய வாய்’ என்னும் பொருளுடைய கிரேக்கம்.

இவை கிடைத்த இடமாக ஷ்னைடர் ‘கிழக்கிந்தியா’ என்று மட்டுமே குறித்தார். பெர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் காக்கப்படும் மாதிரிகளையும் அவை வந்துசேர்ந்த வழியையும் ஆராய்ந்த பிற்கால அறிஞர்கள், பிரெவிசெப்ஸின் மூல இடம் தரங்கம்பாடியே எனக் கொண்டுள்ளனர். இது வெறும் வரலாற்றுத் துணுக்கன்று என்பது பின்னர்த் தெளிவாகும்.

பேரினம் தேடிய இரு நூற்றாண்டு

ஷ்னைடர் காலத்தில் ‘ரானா’ என்பது பெரும்பாலான தவளைகளையும் அடக்கிய பெட்டி. அதிலிருந்து பிரெவிசெப்ஸ் வெளியேறிய வரலாறு நேரானதன்று. கந்தர் 1850களின் இறுதியில் ஸ்பேரோதீகா என்னும் பேரினத்தை உருவாக்கினார். பின்னர் அவரே இத்தவளையை ஆப்பிரிக்கப் பெருந்தவளைகளுக்குரிய பிக்சிசெஃபாலஸ் என்னும் பேரினத்தில் வைத்தார். பூலஞ்சே மீண்டும் ரானாவுக்கே கொண்டுசென்றார். இருபதாம் நூற்றாண்டில் அது டோமோப்டெர்னா என்னும் பேரினத்தின் கீழ் வந்தது. அப்பேரினத்தில் இந்தியா, ஆப்பிரிக்கா, மடகாஸ்கர் ஆகிய மூன்று நிலப்பரப்புகளின் புதையும் தவளைகளும் ஒருங்கே வைக்கப்பட்டிருந்தன.

இவ்வாறு சேர்த்ததற்குக் காரணம் உடலமைப்பே. மூன்றும் பருத்த உடலும் குறுகிய காலும் மழுங்கிய முகமும் உடையவை. மூன்றன் பின்னங்காலிலும் உள்விரலின் அடியில் மண்வெட்டி போன்ற கடினமான புடைப்பு உண்டு. இதனைக் கொண்டு மண்ணைப் பக்கவாட்டில் தள்ளியபடி, தவளை பின்புறமாகவே நிலத்துள் இறங்குகிறது. தலை கடைசியில் மறைகிறது. இவ்வளவு நுட்பமான கருவி மூன்று இடங்களில் தனித்தனியே தோன்றியிருக்கும் என எண்ண அக்காலத்தாருக்குத் தயக்கம் இருந்ததில் வியப்பில்லை.

ஆனால் நடந்தது அதுவே. 1990களின் இறுதியிலும் 2000ஐ ஒட்டியும் வெளிவந்த மரபணு ஆய்வுகள் அப்பேரினத்தை மூன்றாகப் பிரித்தன. மடகாஸ்கர்த் தவளைக்கு 1998இல் லாலியோஸ்டோமா என்னும் தனிப் பேரினம் அமைக்கப்பட்டது. ஆப்பிரிக்கத் தவளைகளிடம் டோமோப்டெர்னா என்னும் பெயர் நின்றது. இந்தியத் தவளைகள் ஸ்பேரோதீகா என்னும் பழைய பெயரை மீளப் பெற்றன; அவை நம் வயல்வெளித் தவளைகளுக்கும் பெருந்தவளைக்கும் நெருங்கிய உறவின என்பதும் உறுதியாயிற்று. கண்டம் கடந்த உறவாகத் தோன்றியது, ஒரே வகையான வாழ்க்கை நெருக்கடிக்கு வேறு வேறு குடிகள் கண்ட ஒரே விடை. சொல்லாய்வாளர் இதனை எளிதில் உணர்வர்: ஒலியால் ஒத்த இரு சொற்கள் ஒரே வேரின என்று கொள்வது எவ்வளவு பிழையாகுமோ அவ்வளவு பிழை இது.

சிஸ்டோமாவின் கதை வேறு. அது இன்று யூபெரோடான் சிஸ்டோமா எனப்படுகிறது. பிரெவிசெப்ஸோடு குடும்ப அளவிலேயே உறவற்றது. ஊதிய பை போன்ற உடலும், அதில் ஒட்டவைத்தாற்போன்ற சிறு தலையும், வெளியே தெரியாத செவிப்பறையும் அதன் அடையாளங்கள். எறும்பும் கறையானும் அதன் முக்கிய உணவு. பின்னங்காலில் ஒன்றுக்கு இரண்டாக மண்வெட்டிப் புடைப்புகள் உண்டு. இவ்விரு தவளைகளையும் தலைப்பிரட்டைப் பருவத்தில் ஒப்பிடுவது இன்னும் தெளிவு தரும். பிரெவிசெப்ஸின் தலைப்பிரட்டைக்குக் கொம்புப்பொருளாலான தாடையும் வரிசையான நுண்பற்களும் உண்டு. அது சுரண்டி உண்ணும். சிஸ்டோமாவின் தலைப்பிரட்டைக்கு அவை இல்லை; அது நீரை வடிகட்டி நுண்ணுயிர்களை உண்ணும். ஒரே மழைக்குட்டையில் இரண்டும் வளரலாம். வளர்ந்தபின் ஒன்றுபோல் மண்ணுள் புதைபவை, இளமையில் முற்றிலும் வேறு உயிர்களாக உள்ளன.

நுணல் எது?

தமிழ் அகராதிகள் நுணல் என்பதற்குத் தவளை அல்லது தேரை எனப் பொதுப்பொருள் தருகின்றன. இலக்கியம் அவ்வாறு பொதுமைப்படுத்தவில்லை. முன்றுறையரையனாரின் பழமொழி நானூறு, மறைவாகப் பழிச்சொல் பேசித் தன் சொல்லாலேயே துன்புறும் பேதைக்கு உவமையாக நுணலைக் கூறுகிறது. அங்கு நுணல் மணலுள் மூழ்கி மறைந்து கிடக்கும் உயிர். தன் குரலாலேயே இருப்பிடத்தைக் காட்டிக் கெடுவது. இன்று பழமொழியின் பிற்பகுதி மட்டுமே மக்கள் வழக்கில் நிற்கிறது. வாயால் கெடுவது நினைவிலிருக்க, மணலில் மறைவது மறக்கப்பட்டது. வகைப்பாட்டு நோக்கில் மறக்கப்பட்ட பகுதியே மதிப்புமிக்க சான்று. குளத்துத் தவளைக்கோ மரத்தில் ஏறும் தவளைக்கோ இவ்விவரம் பொருந்தாது.

இதனினும் பழமையான சான்று ஐங்குறுநூற்றில் உள்ளது. பேயனார் பாடிய முல்லைப் பகுதியில், தோழி வற்புறுத்த பத்தில் அமைந்த 468ஆம் பாடல், கார்காலம் தொடங்கியதற்கு அடையாளமாக நுணலும் தேரையும் ஒலிப்பதைக் கூறுகிறது. இங்கு மூன்று செய்திகள் கருதத்தக்கன. நுணலும் தேரையும் ஒரே அடியில் தனித்தனியே கூறப்படுதலின் அவை ஒருபொருட் சொற்கள் அல்ல. நுணலுக்கு ‘வரி’ என்னும் அடை தரப்பட்டுள்ளது. பாடல் முல்லைத் திணைக்குரியது; செம்மண்ணும் மேய்ச்சல் வெளியும் உடைய நிலம் அது. இரண்டின் ஒலிக்கும் இரு வேறு வினைகள் ஆளப்பட்டதையும் சான்றாக்கலாம் எனத் தோன்றும். ஆனால் அதில் பெரிதும் ஊன்ற இயலாது. ஐங்குறுநூறு நுணலுக்கு ஆண்ட ‘கறங்குதல்’ என்னும் வினையையே குறுந்தொகை 193ஆம் பாடல் மலைச்சுனையில் தட்டைப்பறைபோல் ஒலிக்கும் தேரைக்கு ஆள்கிறது.

மணலில் புதைதல், உடலில் வரி, முதல் மழையில் உரத்த குரல், முல்லை நிலம் ஆகிய நான்கையும் ஒருசேர வைத்துப் பார்த்தால் பிரெவிசெப்ஸ் முன்னிற்கிறது. அதன் முதுகில் முகத்திலிருந்து பின்புறம் வரை செல்லும் வெளிறிய கோடு பலவற்றில் காணப்படுகிறது. சிஸ்டோமாவின் முதுகிலோ கோட்டைவிடப் பளிங்குபோன்ற திட்டுகளே மிகுதி. எனினும் ஒரு சொல்லுக்கு ஒரே அறிவியல் இனத்தை நேர்நிறுத்தும் ஆர்வத்தைக் கட்டுப்படுத்திக்கொள்வது நலம். சங்கப் புலவரோ பழமொழி ஆக்கியோரோ பின்னங்காற் புடைப்புகளை எண்ணியவர் அல்லர். நுணல் என்பது வாழ்முறையை அடிப்படையாகக் கொண்ட மக்கள் வகைப்பாட்டுச் சொல் என்றும், புதையும் தவளைகள் பலவும் அதில் அடங்கலாம் என்றும், ‘வரிநுணல்’ அவற்றுள் ஸ்பேரோதீகாவைச் சுட்டுதற்கு வாய்ப்பு மிகுதி என்றும் கொள்வதே சான்றுகள் இடந்தரும் எல்லை.

இதில் ஒரு சுவையும் உண்டு. ஜெர்டன் 1853இல் கர்நாடகம் என ஆங்கிலேயர் அழைத்த நம் கிழக்குச் சமவெளியிலிருந்து இப்பேரினத் தவளை ஒன்றுக்குப் ‘புளூவியாலிஸ்’ எனப் பெயரிட்டார். ‘மழைக்குரியது’ என்பது அதன் பொருள். பேயனார் கண்டதையே அவரும் கண்டிருக்கிறார்.

பெயர் யாருக்கு உரியது?

பிரெவிசெப்ஸ் பாகிஸ்தான் முதல் நேபாளம் வரை, இந்தியச் சமவெளி எங்கும் வாழும் ஒரே இனம் என நெடுங்காலம் எழுதப்பட்டது. அண்மைய ஆய்வுகள் இதனைக் குலைத்துள்ளன. மேற்கு இந்தியாவில் பிரெவிசெப்ஸ் எனக் கருதப்பட்டவை வேறு இனம் எனக் கண்டு, 2017இல் ஸ்பேரோதீகா பஷ்சிமா எனப் பெயரிட்டனர். 2019இல் ஜார்க்கண்டிலிருந்து ‘மகதா’வும், 2020இல் பெங்களூருவின் புறநகரிலிருந்து ‘பெங்களூரு’வும் விவரிக்கப்பட்டன. ஜெர்டனின் புளூவியாலிஸ் தனி இனமா, பிரெவிசெப்ஸின் மறுபெயரா என்பதிலும் கருத்து வேறுபாடு நிலவியுள்ளது.

ஓர் இனம் பலவாகப் பிரியும்போது பழைய பெயர் எதற்கு உரியது என்னும் வினா எழுகிறது. விலங்குப் பெயரீட்டு விதிகளின்படி, பெயர் மூல மாதிரிக்கே உரியது. ஏனையவை புதுப்பெயர் பெறும். பிரெவிசெப்ஸின் மூல மாதிரியோ இரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சாராயக் குடுவையில் கிடப்பது. அதன் நிறம் வெளிறியிருக்கும். குரல் கேட்க வழியே இல்லை. மரபணு கிடைத்தாலும் சிதைந்திருக்கும். எனவே மூல இடத்தில் இன்று வாழும் தவளைகளே அளவுகோலாகின்றன. தரங்கம்பாடியும் அதைச் சூழ்ந்த சிதம்பரம், கடலூர், நாகப்பட்டினக் கடற்கரைச் சமவெளியும் முக்கியத்துவம் பெறுவது இங்குத்தான். இங்குள்ள தவளையின் குரற்பதிவும் அளவைகளும் மரபணு வரிசையும் தெளிவாக அமைந்தாலன்றி, இந்தியாவின் வேறெந்தப் பகுதியிலும் ‘இது பிரெவிசெப்ஸ் அன்று’ என உறுதியாகக் கூற இயலாது. கடற்கரை மணலின் தவளையும் காடாம்புலியூர்ச் செம்மண்ணின் தவளையும் ஒன்றா என்பதும் தனியே ஒப்பிட்டு அறிய வேண்டியதே. மண் மாறுவது புதையும் உயிருக்குச் சிறிய மாற்றமன்று.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பிரெவிசெப்ஸை அச்சுறுத்தல் குறைந்த இனமாக வைத்துள்ளது. பரந்த வாழிடம் என்னும் கருத்து இம்மதிப்பீட்டிற்கு அடிப்படையாய் உள்ளது. அப்பரப்பைப் பல இனங்கள் பங்கிட்டுக்கொள்ளுமாயின், ஒவ்வொன்றின் எல்லையும் சுருங்கும். அப்போது மதிப்பீட்டையும் தனித்தனியே செய்யவேண்டிவரும். மேல்மண் அகழப்படுவதும், மழைக்குட்டைகள் தூர்க்கப்படுவதும் நீந்தும் தவளையைவிடப் புதையும் தவளையை மிகுதியாகத் தாக்கும். ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள் கழித்துச் சில நாள் மட்டும் தேங்கும் நீரில் இனப்பெருக்கம் செய்யும் உயிருக்கு இவ்விரண்டும் ஒருங்கே தேவை.

களப்பணிக்குரிய காலம் குறுகியது. கனமழையை அடுத்த ஓரிரு இரவுகளில் ஆண் தவளைகள் ஒலிக்கும், பின்னர் அடங்கிவிடும். குரலைப் பதிவு செய்த அதே தவளையை அளந்து, அதே தவளையிலிருந்து திசு எடுத்து, மண்ணின் தன்மையையும் நாளையும் குறித்துக்கொண்டாலே அப்பதிவு பெயரீட்டிற்குப் பயன்படும். குரல் ஒன்றிலிருந்தும் திசு மற்றொன்றிலிருந்தும் எடுக்கப்பட்டால், ஒரே குட்டையில் இரண்டு இனங்கள் ஒலிக்கக்கூடிய இப்பகுதியில் அது குழப்பத்தையே கூட்டும். அவ்வூர் மக்கள் அத்தவளையை எப்பெயரால் அழைக்கின்றனர் என்பதையும் அதே குறிப்பேட்டில் எழுதுவதற்கு ஒரு வரி போதும்; நுணல் என்னும் சொல் எங்கேனும் பேச்சில் எஞ்சியிருப்பின் அது அங்குத்தான் அகப்படும்.