பிந்துனுவெவ: பிழைத்தவர்களின் சாட்சியம்

இலங்கையின் பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ முகாமில் புனர்வாழ்வுக்கென வைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞர்களை 2000 ஒக்டோபர் 25 காலை ஒரு கும்பல் தாக்கியது. 27 பேர் இறந்தனர், 14 பேர் காயங்களோடு தப்பினர். சுமார் 60 பொலிஸார் அங்கே நின்றிருந்தார்கள். அந்த வாரமே கண்டனமும் கலவரமும் மலையகத்தில் பரவின. தலவாக்கலையும் தப்பவில்லை.

முகாம் படுகொலையைக் கொழும்பில் மூன்று நீதிபதிகள் ஜூரியின்றி விசாரித்தார்கள். 41 பேர் மீது வழக்கு. குற்றச்சாட்டில் போர்க்குற்றம் என்ற சொல் இல்லை. கொலை, கொலை முயற்சி, சட்டவிரோதக் கூட்டம் ஆகியவையே இருந்தன.

சாவுக்குக் காரணம் வெட்டா, தீயா என்பதைச் சட்ட வைத்திய அதிகாரி சொல்லிவிடலாம். வெட்டிய கை யாருடையது என்பதைக் காயம் சொல்லாது. அந்தப் பாரம் முழுவதும் பிழைத்தவர் தலையில்தான். பெருங்கூட்டத்தின் நடுவே, உயிருக்கு ஓடும்போது கண்ட முகம் அது. அதை மாதங்கள், ஆண்டுகள் கழித்து எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் குறுக்கு விசாரணையில் அடையாளம் காட்ட வேண்டும். அதுவும் தமிழில் சொல்லி, மொழிபெயர்ப்பாளர் வாய்வழியே பதிவாக வேண்டும்.

2003 ஜூலையில் இரு பொலிஸ் அதிகாரிகள் உட்பட ஐவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில், 2005 முடிவதற்குள், ஐவரும் விடுதலையானார்கள். சான்று போதவில்லையாம்.

சாட்சிகளைப் பாதுகாக்க இலங்கையில் தனிச் சட்டம் வந்தது 2015இல்.