மழைக்கு ஒரு சைக்கிள், வெயிலுக்கு ஒரு சைக்கிள்: கடலூர்க்காரர்கள் பழைய வண்டியை ஏன் எடைக்குப் போடக் கூடாது?

பின்லாந்து, கனடா போன்ற நாடுகளில் சைக்கிள் ஓட்டுபவர்கள் பலர், குளிர்காலத்துக்கென்றே தனியாக ஒரு வண்டி வைத்திருப்பார்கள். சாலையில் பனி உறையாமலிருக்க அங்கே உப்பு தூவுவார்கள். அந்த உப்புத் தண்ணீர் செயினை அரித்துவிடும். அதனால் நல்ல வண்டி உள்ளே, பழைய வண்டி வெளியே. பின்லாந்தின் ஓலு நகரில் 2013-ல் குளிர்கால சைக்கிளுக்காகவே ஒரு சர்வதேச மாநாடு நடந்தது.

'இங்க பனியா பெய்யுது?' என்று கேட்கலாம். பனி இல்லை, ஆனால் உப்பு இருக்கு.

திருப்பாதிரிப்புலியூருக்கு என்ன சம்பந்தம்?

இங்கிருந்து கடல் சில கிலோமீட்டர்தான். காற்றிலேயே உப்பு வரும். கூடவே அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மாவட்டத்தின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் இந்த மூன்று மாதங்களில்தான் கொட்டுகிறது. இரும்பு, ஈரம், உப்பு மூன்றும் சேர்ந்தால் துரு வேகமாகப் பிடிக்கும்.

எந்த வண்டி சரி?

புதுசு வேண்டாம். தமிழக அரசு 2001-02-ல் பட்டியலின, பழங்குடி மாணவிகளுக்குத் தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம், பிறகு மற்ற மாணவர்களுக்கும் விரிந்தது. அண்ணனோ அக்காவோ பள்ளி முடித்ததும் மூலையில் நிற்கும் அந்த வண்டியே போதும். கியர் இல்லாததால் கெட்டுப்போகும் பாகங்களும் குறைவு. முழு மட்கார்டும் செயின் கவரும் இருக்கட்டும்.

பல வருஷம் உழைக்க என்ன செய்யணும்?

* மழையில் ஓட்டினால் அன்றே நல்ல தண்ணீர் ஊற்றி, துடைத்து, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். பிசுபிசுத்து மண்ணைப் பிடிக்கும்.
* செயினில் 24 கண்ணி புதுசில் சரியாக 12 அங்குலம். அது 12⅛ அங்குலம் ஆகிவிட்டால் செயினை மாற்றுங்கள். விட்டால் பல்சக்கரமும் தேயும்.
* சீட் குழாய் வழியாக மழைநீர் பெடல் அச்சுக்குள் இறங்கும். பொங்கலுக்கு முன் ஒரு ஓவராயிலிங்: பால்ஸ், கிரீஸ் மாற்றினால் அடுத்த மழைக்கு வண்டி தயார்.

உயிர் விஷயம் எது?

பிரேக். நனைந்த ஸ்டீல் ரிம்மில் ரப்பர் கட்டை சட்டெனப் பிடிக்காது. முதல் சில சுற்று, தண்ணீரை வழிப்பதிலேயே போய்விடும். எனவே பஸ்ஸுக்குப் பின்னால் நெருங்கிப் போகாதீர்கள். முன்கூட்டியே லேசாக பிரேக் பிடியுங்கள். பின்பக்கம் சிவப்பு ரிஃப்ளெக்டர் கட்டாயம்.

ஒரு எல்லையும் உண்டு. 2011 டிசம்பர் 30-ல் தானே புயலைப் பார்த்த ஊர் இது. புயல் எச்சரிக்கை நாளிலும், கெடிலம் கரை தொட்டு ஓடும் நாளிலும், ரோடு கண்ணுக்குத் தெரியாத தண்ணீரிலும் எந்த சைக்கிளும் வேண்டாம். தண்ணீருக்கடியில் பள்ளமா, திறந்த சாக்கடையா என்று வண்டிக்குத் தெரியாது. அன்றைக்கு மழை வண்டியும் வீட்டில்தான் நிற்க வேண்டும்.