கடிகாரத்தைப் பார்த்தீர்கள், கிதாபுகளைப் பார்த்தீர்களா?

கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் குடும்பங்களில் ஹைதராபாத் பயணத்திற்கு ஒரு தனி மவுசு உண்டு. நீங்கள் முன்பே போயிருக்கலாம். அல்லது இந்த ஆண்டாவது போகவேண்டும் என்று உங்கள் வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருக்கலாம். உங்கள் பயணத் திட்டத்தை நானே சொல்லிவிடுகிறேன், சரிதானா என்று பாருங்கள். முதல் நாள் சார்மினார், மக்கா மஸ்ஜிதில் தொழுகை, லாட் பஜாரில் வளையல். இரண்டாம் நாள் கோல்கொண்டா கோட்டையும் குதுப் ஷாஹி மன்னர்களின் அடக்கத்தலங்களும். இடையிடையே பிரியாணி. மூன்றாம் நாள் ரயில் ஏறுவதற்கு முன் இரண்டு மணி நேரம் மிஞ்சினால், “அந்த மியூசியத்தையும் ஒரு எட்டுப் பார்த்துவிடுவோம்!”

அந்த ‘ஒரு எட்டு’ பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

நானும் அவ்வாறு திட்டமிட்டவன்தான். அதிலும் வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். மக்கா மஸ்ஜிதில் ஜும்ஆ. அது முடிந்ததும் மூசி நதிக்கரையிலுள்ள ஸாலார் ஜங் அருங்காட்சியகம் என்பது என் கணக்கு. ஆட்டோவை விட்டு இறங்கினால் வாயில் சாத்தியிருந்தது. அங்கே வார விடுமுறை வெள்ளிக்கிழமை! சௌமஹல்லா அரண்மனைக்கும், புரானி ஹவேலியிலுள்ள நிஜாம் அருங்காட்சியகத்திற்கும் அதே நாள்தான் விடுமுறை. “வெள்ளிக்கிழமை விடுமுறை விடும் மத்ரஸாவில் இத்தனை ஆண்டு வேலை பார்க்கிறீர்கள், இது தோன்றவில்லையா?” என்று என் மனைவி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

அந்த ஏமாற்றமே நன்மையாயிற்று. மறுநாள் கோல்கொண்டாவைக் கைவிட்டு, பகல் முழுவதையும் அந்த ஒரே கட்டடத்திற்குக் கொடுத்தோம்.

அங்குள்ள பொருள்களில் பெரும்பகுதி ஒரு தனி மனிதரின் சேகரிப்பு என்பதை உள்ளே போகுமுன் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். அவர் நவாப் மீர் யூசுஃப் அலீ கான், மூன்றாம் ஸாலார் ஜங். 1889-இல் பிறந்தவர். அவருடைய பாட்டனாரும் தந்தையும் நிஜாம் அரசில் பிரதம மந்திரிகளாக இருந்தவர்கள். இவரும் 1912-இல் அப்பதவியை ஏற்று, 1914-இல் விட்டு விலகினார். அதன் பிறகு ஏறத்தாழ 35 ஆண்டுகள் அவருக்குப் பொருள் சேர்ப்பதே வாழ்க்கையாயிற்று. மணம் செய்துகொள்ளவில்லை. 1949-இல் அவர் மறைந்தபோது ‘திவான் டியோடி’ என்ற அவருடைய மாளிகை நிறையப் பொருள்கள். வாரிசாகப் பிள்ளைகள் இல்லை. இப்படிப்பட்ட செல்வம் ஏலத்தில் சிதறிப்போவதுதான் உலக வழக்கம். ஆனால் இங்கே அப்படி நடக்கவில்லை. ஜேம்ஸ் கசின்ஸ் என்ற கலை அறிஞர் பொருள்களை ஒழுங்குபடுத்தும் பொறுப்பை ஏற்றார். 1951 டிசம்பர் 16-ஆம் நாள் அந்த மாளிகையையே அருங்காட்சியகமாக நேரு திறந்துவைத்தார். 1961-இல் பாராளுமன்றச் சட்டத்தால் அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. 1968-இல் இப்போதைய கட்டடத்திற்கு வந்தது.

உள்ளே நுழைந்தவர்கள் எல்லாரும் ஓடும் திசை ஒன்றே: இசைக் கடிகாரம். கல்கத்தாவின் குக் அண்டு கெல்வி நிறுவனத்தின் பெயர் தாங்கியது. அதில் ஒரு குட்டிக் கொல்லன் விநாடிதோறும் சம்மட்டி அடித்துக்கொண்டே இருக்கிறான். மணி நெருங்கியதும் சிறு கதவு திறக்கிறது. தாடி வைத்த ஒரு பொம்மை மனிதர் வெளியே வருகிறார். மணிக்குரிய எண்ணிக்கையில் அடிக்கிறார். திரும்ப உள்ளே போய்விடுகிறார். அவ்வளவுதான். இதற்காக நூற்றுக்கணக்கானோர் முன்கூட்டியே இடம்பிடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். நாங்களும் உட்கார்ந்தோம். பன்னிரண்டு மணி என்பதால் பன்னிரண்டு அடியும் கேட்கும் பாக்கியம் வாய்த்தது. என் எட்டு வயது மகன் ஒரு மணிக்கும் வந்து பார்க்கவேண்டும் என்றான்.

நான் குறை சொல்லவில்லை. குழந்தைகளுக்கு அது வேண்டியதுதான். ஆனால் பன்னிரண்டாவது அடி ஓய்ந்ததும் எழுந்த கூட்டத்தில் பாதி, முக்காட்டுப் பெண் ‘ரெபெக்கா’வின் முன் சற்று நின்றுவிட்டு நேரே வெளிவாயிலை நோக்கி நடந்தது. பென்சோனி என்ற இத்தாலியச் சிற்பி சலவைக்கல்லில் செதுக்கிய அச்சிலையை 1876-இல் முதலாம் ஸாலார் ஜங் ரோமிலிருந்து வாங்கிவந்தார். சிலைகளைப் பற்றி நமக்குள்ள கொள்கை வேறு. கல்லை மெல்லிய துணியாக மாற்றிய கைத்திறன் வேறு. முன்னதற்காகப் பின்னதை மறுக்க எனக்கு மனமில்லை.

ஜேடு என்னும் பச்சைநிறக் கல்லால் ஆன பொருள்களுக்கெனத் தனி அறை உண்டு. நூர்ஜஹானின் பழம் வெட்டும் கத்தியை விட்டு என் மனைவி நகரவில்லை. எனக்கோ அங்கிருந்த ஒரு ரேஹால் போதுமாயிருந்தது. தில்லி சுல்தான் ஷம்சுத்தீன் இல்துத்மிஷின் பெயர் பொறித்தது. நம் வீட்டில் மரப்பலகையில் மடக்கி விரித்து, மேலே குர்ஆனை வைத்து ஓதுகிறோமே, அதே ரேஹால்தான், இது கல்லில்.

இனி, நான் சொல்ல வந்த அறை. அரபு, பாரசீகக் கையெழுத்துப் பிரதிகள் வைக்கப்பட்டுள்ள பகுதிக்கு நாங்கள் போனபோது அங்கே ஏழெட்டுப் பேருக்குமேல் இல்லை. 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, தோலில் கூஃபி எழுத்தில் எழுதப்பட்ட குர்ஆன் இந்த அருங்காட்சியகத்தின் செல்வங்களில் ஒன்று. பக்தாதின் புகழ்பெற்ற எழுத்துக்கலைஞர் யாகூத் அல் முஸ்தஃஸிமி எழுதிய பிரதியும் இங்கு உண்டு. அதில் ஜஹாங்கீர், ஷாஜஹான், ஔரங்கசீப் ஆகிய மூவரின் கைச்சாத்தும் இருக்கிறது. தந்தை, மகன், பேரன் என்று ஒரே கிதாபு கைமாறியிருக்கிறது!

பன்னிரண்டு வயதான என் மகள் கூஃபி எழுத்தின் முன் நின்று உதட்டை அசைத்துப் பார்த்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். “வாப்பா, புள்ளியே இல்லையே! இதில் பே எது, தே எது?” ஆரம்பகால அரபு எழுத்தில் புள்ளிகள் அரிது என்பதையும், அரபு மொழியைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் பிழையின்றி ஓத வேண்டும் என்பதற்காகவே குறிகள் படிப்படியாகச் சேர்க்கப்பட்டன என்பதையும் சொன்னேன். அதாவது, நம்மைப் போன்றவர்களுக்காக. வகுப்பில் நான் எத்தனையோ முறை சொன்ன பாடம்தான். அன்றுதான் அது அவள் காதில் ஏறியது. அடுத்த கண்ணாடிப் பேழையில் நஸ்க் எழுத்தில் இருந்த பக்கத்தைக் கடகடவென்று ஓதிவிட்டாள். பக்கத்தில் நின்ற வேற்று மாநிலத்துத் தம்பதியர் பொன் வேலைப்பாட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், அவள் ஓதியதைக் கேட்டுச் சற்று வியந்து நின்றார்கள். அவர்களுக்குச் சித்திரமாகத் தெரிந்தது அவளுக்கு வாசகமாக இருந்தது.

எனவேதான் சொல்கிறேன்: காலை 10 மணிக்குத் திறக்கும்போதே போய்விடுங்கள். நாற்பதுக்கு நெருங்கிய கூடங்களையும் சுற்றிவிட நினையாதீர்கள். கால் வலிதான் மிஞ்சும். மூன்று நான்கு போதும். அவற்றுள் ஒன்று கிதாபுகளின் கூடமாக இருக்கட்டும். ஓதத் தெரிந்த பிள்ளையை முன்னால் விட்டு, நீங்கள் பின்னால் நில்லுங்கள்.

வெளியே வந்து தேநீர் குடிக்கும்போது மகள் கேட்டாள்: “நம்ம வீட்டில் பழைய கையெழுத்துக் கிதாபு ஒன்றுமே இல்லையா, வாப்பா?”

இருந்தது. என் தந்தையின் தாயாரை நாங்கள் ‘வாப்பும்மா’ என்று அழைப்போம். அவர்களுக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் தமிழை அரபு எழுத்தில் எழுதுவார்கள். அரபுத்தமிழ் என்று சொன்னால் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். நீளமான ஒரு கணக்குப் புத்தகத்தில் பிள்ளைகள் பிறந்த நாள்கள், பிள்ளை பெற்றவளுக்கு இடிக்கும் மருந்துச் சாமான்கள், கல்யாண வீட்டில் பாடும் பைத்துகள், கொடுத்த கடன், வாங்கிய கடன் எல்லாம் எழுதிவைத்திருந்தார்கள். அவர்கள் மவுத்தானபோது எனக்குப் பதினேழு வயது. அரபிக் கல்லூரியிலிருந்து விடுமுறையில் வந்திருந்தேன். வீட்டைச் சுத்தம் செய்தபோது கரையான் அரித்த அந்தப் புத்தகம் என் கைக்கு வந்தது. அரபு எழுத்து, காலில் மிதிபடக் கூடாது. பள்ளிவாசலில் கிழிந்த ஜுஸ்உகளைப் போட்டுவைக்கும் சாக்கில் அதையும் சேர்த்துவிட்டேன். சாக்கு நிறைந்ததும் கடலில் கொண்டுபோய் விட்டார்கள். மரியாதையாகத்தான் செய்தேன். அதனால்தான் அன்று யாரும் என்னைத் தடுக்கவில்லை. அது என்னவென்று அறியாமலும் செய்யவில்லை. ‘இனி இதை யார் வாசிக்கப் போகிறார்கள்?’ என்று எண்ணியே செய்தேன்.

மகளிடம் இதைச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை.

ஊர் திரும்பியதும் என் பெரியும்மாவிடம் விசாரித்தோம். எண்பதைக் கடந்தவர்கள். அவர்களுடைய தகரப் பெட்டியின் அடியில் அரபுத்தமிழில் எழுதிய நோட்டு ஒன்று இருக்கிறதாம். கண் பார்வை மங்கியதால் இப்போது எடுப்பதில்லையாம். “எழுத்தெல்லாம் அழிஞ்சு கிடக்கு வாப்பா, அதை வச்சு என்ன செய்யப் போறே?” என்றார்கள். வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் மகளை அழைத்துக்கொண்டு போகிறேன்.