உடப்புக் கரையில் ஓர் இரவு: குடும்பத்தோடு கூடாரம் அடிக்க இடம் பார்ப்பது எப்படி?

பள்ளிக்கூட லீவு விட்டதும் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அப்பா, எங்கயாவது கூட்டிட்டுப் போறீங்களா?" ஹோட்டலில் அறை எடுக்க நம் கைக்காசு போதாது. தூரப் பயணம் என்றால் வேன் கூலியைக் கேட்டதுமே தலை சுற்றுகிறது. "அடுத்த வருஷம் பாப்போம்" என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகள் வளர்ந்துவிடுகிறார்கள்.

சிலாபம், மாதம்பை, முந்தல் பக்கத்துத் தென்னந்தோட்டங்களில் இருக்கும் குடும்பங்களுக்குப் பக்கத்திலேயே ஒரு வழி இருக்கிறது. ஒரு தறப்பாள், நாலு கம்பு, கொஞ்சம் கயிறு, சட்டி பானை. இவற்றோடு சிலாபம் - புத்தளம் வீதியில் பத்துளு ஓயாவில் இறங்கி மேற்கே போனால் உடப்பு. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் முந்தல் களப்பு. திரௌபதி அம்மன் கோயில் தீமிதிக்குப் பேர்போன தமிழ் மீனவர் ஊர்.

'முகாம்' என்ற சொல்லைக் கேட்டால் புத்தளத்தில் பலருக்கு மனம் கனக்கும். 1990-இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் இந்த மாவட்டத்தில்தான் கிடுகுக் கொட்டில்களில் வருடக்கணக்காக இருந்தார்கள். நாம் சொல்வது அது அல்ல. விரும்பிப் போய், ஓரிரு இரவு தங்கி, சந்தோஷமாக வீடு திரும்புவது.

யாரைக் கேட்பது?

இடம் பார்க்கக் கற்றவர்கள் உடப்பிலேயே இருக்கிறார்கள். இங்குள்ள மீனவர் பலர் மேற்குக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் முல்லைத்தீவு போன்ற கரைகளுக்குப் போய், மணலில் வாடி அடித்துத் தங்கித் தொழில் செய்வது தலைமுறை வழக்கம். அப்படிப்பட்ட ஒரு பெரியவரிடம், "ஐயா, நல்ல இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டோம். "காத்து எந்தப் பக்கம், தண்ணி எந்தப் பக்கம், ஆள் எந்தப் பக்கம்? மூணையும் பாத்துட்டு முளை அடிங்க தம்பி" என்றார். இதைவிடச் சுருக்கமாக எங்களாலும் சொல்ல முடியாது.

1. காற்று

கூடாரத்தின் வாசல் காற்றுக்கு முதுகு காட்ட வேண்டும். அடுப்பைக் காற்று போகும் பக்கத்தில், கூடாரத்தைவிட்டு நன்றாகத் தள்ளி வையுங்கள். கூடாரத்துக்குள் அடுப்பும் வேண்டாம், நெருப்புச் சட்டியும் வேண்டாம். தறப்பாள் பற்றிக்கொண்டால் தூங்கும் பிள்ளைகளைத் தூக்கக்கூட நேரம் இருக்காது. மூடிய இடத்தில் சேரும் கரிப்புகை நெருப்பு இல்லாமலே ஆளைக் கொல்லும்.

தலைக்கு மேலேயும் பாருங்கள். தென்னை மரத்தடியில் படுக்கக் கூடாது என்று தோட்டத்து ஆட்களுக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் வெயிலில் நடந்து களைத்து வரும்போது நிழலைக் கண்டால் எல்லாம் மறந்துபோகும். தேங்காய் மட்டுமல்ல, காய்ந்த மட்டையும் விழும்.

2. தண்ணீர்

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லீற்றராவது வேண்டும். ஐந்து பேர் இரண்டு நாள் தங்கினால் 50 லீற்றர். கடலோர மணலில் மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாகத்தான் நிற்கிறது. அதிகமாக இறைத்தால் கிணறு உவர்ந்துவிடும். ஆகவே ஊர்க் கிணற்றை நம்பிப் போகாமல் கேன்களில் கொண்டுபோங்கள். அங்கே எடுப்பதைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

கடல் தண்ணீரிலும் ஒரு கண் வேண்டும். அடம்பன் கொடி படர்ந்திருக்கும் இடத்துக்கு உள்பக்கமாக, கொஞ்சம் மேடான தரையில் கூடாரம் அடியுங்கள். களப்பு ஓரம் பார்வைக்கு அமைதியாக இருக்கும். ஆனால் சேறு காலை இழுக்கும், கொசுவும் அதிகம். கைவிடப்பட்ட இறால் குளங்களின் பக்கம் பிள்ளைகளை விடவே வேண்டாம்.

3. ஆள்

வெறும் கரை என்று நாம் நினைப்பது ஒருவருடைய கரைவலைப் பாடாக இருக்கும், அல்லது கருவாடு காயப்போடும் இடமாக இருக்கும். கேட்காமல் ஒரு முளைகூட அடிக்கக் கூடாது. முதலில் ஊர்ப் பெரியவர்களிடமும் கிராம சேவையாளரிடமும் சொல்லுங்கள். கூப்பிடு தூரத்தில் வீடுகள் இருக்கும் இடமே குடும்பத்துக்கு நல்லது. தனிமை அழகாக இருக்கலாம், ஆனால் நடு இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அழகு உதவாது.

கக்கூஸ் வசதி இல்லாத இடத்தை அங்கேயே தள்ளிவிடுங்கள். இருட்டும்வரை பெண்கள் அடக்கிக்கொண்டிருக்க வேண்டிய இடம் குடும்பத்துக்கு ஏற்ற இடம் அல்ல. தெரிந்த வீட்டிலோ மடத்திலோ கேட்டு ஏற்பாடு செய்த பிறகுதான் நாளைக் குறிக்க வேண்டும்.

எந்த மாதம்?

இதுதான் முக்கியம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்றில் மேற்குக் கடல் கொந்தளிக்கும். உடப்புத் தீமிதி நடக்கும் ஆடி மாதமும், ஆகஸ்ட் பள்ளி விடுமுறையும் இந்தக் காலத்தில்தான் வருகின்றன. நம் ஆட்கள் அதிகமாக வருவதும் அப்போதுதான். திருவிழாவுக்கு வாருங்கள், ஊருக்குள் தங்குங்கள், கடலில் மட்டும் இறங்காதீர்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை மழை அதிகம். கூடாரத்துக்கு ஏற்றது தைப் பொங்கல் முடிந்து மார்ச் வரையிலான காலம். ஒரு போயா லீவோடு வார இறுதி சேர்ந்து வந்தால் அதுவே போதும்.

நல்ல மாதத்திலும் முழங்கால் அளவுக்கு மேல் பிள்ளைகளை விடாதீர்கள். இரண்டு பக்கமும் அலை உடையும்போது நடுவில் மட்டும் தண்ணீர் உடையாமல் கலங்கலாக வெளியே ஓடினால் அது இழுவை. அதில் மாட்டினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. கரைக்குப் பக்கவாட்டாக நீந்தி, இழுவையைவிட்டு விலகிய பிறகு கரையேற வேண்டும். ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவர் குதித்து இருவரும் போவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. மூடி இறுக்கிய வெறும் தண்ணீர்க் கேனைக் கயிற்றில் கட்டி எறியுங்கள். அதைப் பிடித்துக்கொண்டு மிதக்கலாம்.

சுற்றுவட்டாரத்தில் வேறு இடங்கள்

கற்பிட்டிப் பக்கம் தலவில புனித அன்னம்மாள் ஆலயத்தில் மார்ச்சில் ஒன்றும் யூலை - ஆகஸ்ட் காலத்தில் ஒன்றுமாக வருடத்துக்கு இரண்டு பெருநாள். யாத்திரிகர்கள் குடும்பம் குடும்பமாகக் கூடாரம் அடித்துத் தங்குவார்கள். முதன்முறை போகிறவர்கள் அங்கே பார்த்தே நிறையக் கற்றுக்கொள்ளலாம். உடப்புக்குப் பக்கத்தில் ஆனைவிழுந்தான் குளங்கள் உள்ளன. 2001-இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட சரணாலயம் அது. பகலில் பறவை பார்க்கப் போகலாம், ஆனால் நாமாகக் கூடாரம் அடிக்கக் கூடாது. வில்பத்துக் காட்டுக்குள் தங்க வனஜீவராசிகள் திணைக்களத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். வாகனமும் தேவை, செலவும் கூட.

போகுமுன்

வீட்டில் ஒருவர் முன்கூட்டியே ஒரு பகல் போய் இடத்தைப் பார்த்து வர வேண்டும். டோர்ச், நுளம்பு வலை, பிள்ளைகளின் மருந்து, முதலுதவிப் பெட்டி மறக்கக் கூடாது. இருட்டில் பாம்பு மிதிபடாமல் இருக்க வெளிச்சமின்றி நடக்க வேண்டாம். அவசரத்துக்கு இலவச அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119. பிள்ளைகளுக்கும் இந்த எண்களைச் சொல்லிக் கொடுங்கள். குப்பையைக் கட்டி வீட்டுக்கே கொண்டு வாருங்கள். அடுத்த முறை கேட்கும்போது ஊரார் மறுக்க மாட்டார்கள்.

இன்னும் தயக்கமா? அப்படியானால் தோட்ட நிர்வாகத்திடம் கேட்டு, லயத்துக்கு முன்னால் உள்ள விளையாட்டுத் திடலில் முதல் இரவைக் கழித்துப் பாருங்கள். தறப்பாள் எங்கே ஒழுகுகிறது, முளை எங்கே பிடுங்குகிறது, எந்தப் பிள்ளை இருட்டுக்குப் பயப்படுகிறது, எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். அதைச் சரிசெய்துகொண்டு தை மாதம் உடப்புக்குப் போகலாம்.